சுமையும் மாத்திரையும்: ஆங்கிலப் பாரச்சொற்கள் குறித்து ஓர் எடையியல் ஆய்வு

ஆய்வின் தேவை

ஒரு மூட்டையைத் தூக்க மனிதனுக்கு ஒரு தலையும் ஒரு சும்மாடும் போதும். ஆங்கிலேயருக்கு மட்டும் கூடவே ஓர் அகராதியும் தேவைப்பட்டிருக்கிறது. லோட், பர்டன், வெயிட், கார்கோ, லக்கேஜ், பேக்கேஜ், ஆனஸ், என்கம்பரன்ஸ், இம்பெடிமென்டா என்று சுமைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதி அடுக்கினால், அந்தத் தாளைத் தூக்கவே ஆள் வைக்க வேண்டும். இச்சொற்கள் எந்த மொழியில் பிறந்தன, எந்த நூற்றாண்டில் லண்டனில் வந்து இறங்கின, எது எதற்குப் பங்காளி என்பதையெல்லாம் சொற்பிறப்பியலார் துருவி எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு எடை இருக்கும் என்பதை மட்டும் எவரும் நிறுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. சுமையைக் குறிக்கும் சொல்லையே எடை போடாமல் விட்டது அறிவுலகுக்கு இழுக்கு. அந்த இழுக்கைத் துடைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். துடைத்தபின் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் ஆய்வு மனப்பான்மை இல்லாதவர்கள். அவர்கள் அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போகலாம்.

ஆய்வுக் கருவி

நிறுப்பதற்குத் தராசு வேண்டும். ஆங்கிலத்தில் சொல்லின் நீளத்தை அசையால் எண்ணுவார்கள். அது தோராயக் கணக்கு. தமிழரிடம் இதைவிட நுண்ணிய தராசு தொல்காப்பியர் காலம் முதலே இருக்கிறது: மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, ஆய்தத்துக்கும் அரை. இயல்பாகக் கண் இமைக்கும் நேரமோ விரல் நொடிக்கும் நேரமோ ஒரு மாத்திரை. இந்தக் கருவியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் இதுவரை கையில் எடுக்கவில்லை. அவர்களுக்கும் கண்ணும் விரலும் இருக்கின்றன என்பதால் இதற்குக் காரணம் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

இலக்கணம் படித்தவர்கள் இங்கேயே கை தூக்குவார்கள். தமிழில் மெய் மொழிமுதல் வராது; ஆகவே ஸ்டோன், ஸ்ட்ரா போன்ற சொற்களை எப்படி அளப்பது? ஆய்வாளர் ஒரு சமரசம் செய்திருக்கிறார். முதலில் முட்டிக்கொண்டு நிற்கும் மெய்களையும் ஆய்தத்தையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு, மிச்சத்தை மட்டும் உள்ளே விட்டு எண்ணியிருக்கிறார். ட, ர, ல ஆகியவையும்தான் மொழிமுதல் வரா என்று மேலும் பிடிவாதம் செய்வோருக்கு ஒரு சொல்: அந்த விதியை முழுக்க அமல்படுத்தினால் டன்னும் உள்ளே வர முடியாது, லோடும் வர முடியாது, லாரியும் வர முடியாது. எண்ணூர்த் துறைமுகத்தை மூடிவிட்டு வரவேண்டியதுதான்.

கருதுகோள்

பொருள் எவ்வளவு கனமோ அதன் சொல் அவ்வளவு குட்டை. இதனை எடை–மாத்திரை எதிர்விகித விதி என்று பெயரிடலாம். காரணம் மிக எளியது. தலையில் மூட்டை இருக்கும்போது மூச்சு கைவசம் இருக்காது. பிடி, இறக்கு, நகரு என்பவற்றுக்கு மேல் பேச முடியாது. நீளமான சொல் வேண்டுமென்றால் வெறுங்கையோடு பின்னால் நடந்து வருகிறவரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சான்றுக்கு இரு துருவங்கள். டன் என்பது ஆங்கிலேயரின் பழைய கணக்கில் 2,240 பவுண்டு, அதாவது சுமார் 1,016 கிலோ. அதன் நீளம் ஒன்றரை மாத்திரை. விரலை ஒன்றரை முறை நொடிப்பதற்குள் ஓராயிரம் கிலோ முடிந்துவிடுகிறது. மறுதுருவத்தில் இம்பெடிமென்டா. ரோமானியப் படை தன்னோடு இழுத்துச் சென்ற மூட்டை முடிச்சுகளுக்கு லத்தீன் வைத்த பெயர் அது. காலைத் தடுக்குவது என்று பொருள். அதை அப்படியே எடுத்துக்கொண்ட ஆங்கிலேயர் உல்லாசப் பயணத்துக்குக் கொண்டுபோகும் குடை, கூடை, மடக்கு நாற்காலி வகையறாவை அப்பெயரால் விளையாட்டாக அழைப்பார்கள். ஏழு மாத்திரை. மடக்கு நாற்காலியைத் தூக்குபவனுக்கு ஏழு மாத்திரை பேச மூச்சு தாராளமாக இருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குட்டைச் சொற்களில் பெரும்பாலானவை வடக்கே ஜெர்மானியக் கிளையிலிருந்து வந்தவை. ஹெவி என்ற சொல்லும் தூக்குவதைக் குறிக்கும் ஹீவ் என்ற வினையும் ஒரே வேர். ஆகவே கனம் என்பது பொருளுக்குள் இருக்கும் குணம் அல்ல, தூக்கிப் பார்த்தவனின் இடுப்பு தரும் சாட்சி. லக்கேஜின் முதற்பாதியான லக் என்பதற்கு ஸ்வீடிஷில் ஓர் உறவுச் சொல் உண்டு. அங்கே அது தலைமயிரைப் பிடித்து இழுப்பதைக் குறிக்கும். விடுமுறைக்குக் குடும்பத்தோடு ரயில் ஏறியவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. எல்லாவற்றிலும் வியப்பானது லோட். பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குச் சுமை என்று பொருளே இல்லை. வழி, பயணம் என்றுதான் பொருள். வழிகாட்டும் துருவ விண்மீனுக்கும் காந்தக் கல்லுக்கும் ஆங்கிலத்தில் உள்ள பழைய பெயர்களில் அந்த லோட் இன்னும் ஒளிந்திருக்கிறது. வழியில் கொண்டுபோவது என்றாகி, பிறகு கொண்டுபோகப்படும் பொருளே லோட் ஆயிற்று. நாமக்கல் லாரிக்காரர்கள் எந்த அகராதியும் பாராமல் இதன் மூலப்பொருளைக் காப்பாற்றி வருகிறார்கள். ரிட்டன் லோடு கிடைத்தால்தான் ஊர் திரும்ப வழி; கிடைக்காவிட்டால் எம்டி.

1066இல் பிரான்சிலிருந்து நார்மன்கள் வந்து இங்கிலாந்தைப் பிடித்தபோது நீளச் சொற்களின் வருகை தொடங்கிற்று. வால்டர் ஸ்காட்டின் ஐவன்ஹோ நாவலில் ஒரு வேடிக்கையான விளக்கம் வரும்: மாடும் பன்றியும் தொழுவத்தில் நிற்கும்வரை அவற்றுக்கு மேய்க்கிறவனின் சாக்சன் பெயர், இறைச்சியாகி மேசைக்கு வந்தால் தின்கிறவரின் நார்மன் பெயர். சுமையிலும் அதே பாகுபாடுதான். முதுகில் ஏறும்போது சாக்சன், கணக்கில் ஏறும்போது நார்மன். இங்கே ஒரு தடை எழுப்பலாம். கேரி என்ற சொல்லும் நார்மன் வழி வந்ததுதானே, அது தூக்குவதைத்தானே குறிக்கிறது? குறிக்கிறது. ஆனால் அதன் அடியில் இருப்பது வண்டியைக் குறிக்கும் லத்தீன் சொல். சாக்சன்காரன் முதுகால் தூக்கினான். நார்மன்காரன் தூக்கும்போதும் அடியில் சக்கரம் வைத்துக்கொண்டான். விதி நிற்கிறது.

தரவும் அது தரும் தலைவலியும்

விதியைச் சோதிக்க எடை தெரிய வேண்டும். ஆங்கிலேயரிடம் எடை கேட்பது அவ்வளவு சுலபமில்லை.

அவர்கள் இன்றும் தம் உடம்பின் எடையைக் கல்லில்தான் சொல்கிறார்கள். ஒரு ஸ்டோன் 14 பவுண்டு. இது 1835இல் சட்டம் போட்டு நிறுத்திவைத்த கல். அதற்கு முன்பு கண்ணாடிக்கு 5 பவுண்டுக் கல், லண்டன் இறைச்சிக் கடையில் 8 பவுண்டுக் கல், கம்பளிக்கு 14 பவுண்டுக் கல் என்று கல்லுக்கே நிலையில்லாமல் இருந்தது. எட்டுக் கல் சேர்ந்தால் ஒரு ஹண்ட்ரட்வெயிட். பெயரில் நூறு இருக்கிறது. உள்ளே 112 பவுண்டு இருக்கிறது. நூறு என்று பெயர் சூட்டிவிட்டு நூற்றுப்பன்னிரண்டைக் கட்டிக் கொடுத்த ஒரே வணிக இனம் இவர்கள்தான். தூக்கியவன் அந்தப் பன்னிரண்டுக்குக் கூலி கேட்டானா என்பதைப் பற்றிச் சட்டப் புத்தகங்கள் பேசுவதில்லை.

ஐம்பது கிலோவுக்கு ஆறு மாத்திரை என்பது நம் விதிக்கு முரண். முரணை ஆங்கிலேயரும் உணர்ந்திருக்கிறார்கள். எழுதும்போது மூன்றே எழுத்தில் சுருக்கிக்கொண்டார்கள். முழுமையாகத் திருத்தியவர்கள் இலங்கைத் தமிழர். இங்கிலாந்தின் ஹண்ட்ரட்வெயிட் யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் வாலை நறுக்கி, முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு அந்தர் ஆக்கினார்கள். ஒரு அந்தர் நெல், ஒரு அந்தர் சீமெந்து. ஆறு மாத்திரை மூன்றாயிற்று. சுமையைத் தூக்கியவர் பெயர் வைத்தால் இப்படித்தான் நடக்கும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான ஆய்வகச் சான்று கிடைக்காது. ஸ்டோன் வெறும் ஆறேகால் கிலோ சொச்சம்; அது இரண்டரை மாத்திரையில் அந்தரைவிடக் குட்டையாக நிற்பது எப்படி என்று கேட்கலாம். தன் உடல் எடையைச் சொல்லும் எவரும் சீக்கிரம் சொல்லி முடிக்கவே விரும்புவர்.

சென்னைப் பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியார் வந்தபோது நம்முடைய எடைகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். வீசை ஆங்கிலத்தில் விஸ் ஆனது; சென்னைக் கணக்கில் 3 பவுண்டு 2 அவுன்ஸ். எட்டு வீசை ஒரு மணங்கு, இருபது மணங்கு ஒரு கண்டி, அதாவது 500 பவுண்டு. இதே மணங்கு வங்காளத்துக்குப் போனால் 82 பவுண்டுக்கு மேல் ஊதிவிடும். கண்டியை அவர்கள் கேண்டி என்று எழுதினார்கள். மிட்டாய்க்கும் ஆங்கிலத்தில் அதே எழுத்துக்கூட்டுத்தான். கம்பெனியின் பேரேட்டில் மசூலிப்பட்டினத்திலிருந்து இத்தனை கேண்டி வந்தது என்று லண்டனில் படித்த இளம் குமாஸ்தா யாராவது நாக்கைச் சப்புக்கொட்டியிருந்தால் அவர்மேல் குற்றமில்லை.

தலைவலியின் உச்சம் டன். அது எடையாகப் பிறக்கவே இல்லை, பீப்பாயாகப் பிறந்தது. பிரான்சின் போர்டோவிலிருந்து இங்கிலாந்துக்கு ஒயின் வந்த காலத்தில் ஒரு கப்பல் எத்தனை டன் பீப்பாய் கொள்ளும் என்பதே அதன் அளவு. ஒரு பீப்பாய்க்கு 252 காலன். நிறைத்தால் இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல். பீப்பாய் போய்ப் பெயர் மட்டும் தங்கி, இங்கிலாந்தில் 2,240 பவுண்டு, அமெரிக்காவில் 2,000 பவுண்டு, மெட்ரிக் கணக்கில் 1,000 கிலோ என்று மூன்று டன்கள் உலகில் உலவுகின்றன. இது போதாதென்று 1854இல் பிரிட்டிஷ் கப்பல் சட்டம், ஜார்ஜ் மூர்சம் என்பவர் வகுத்த முறைப்படி, கப்பலின் உள்ளிடத்தில் 100 கன அடியை ஒரு டன் என்று வைத்தது. அதாவது எடையே இல்லாத டன். வெறும் காற்று நிரம்பியிருந்தாலும் அது டன்தான்.

இவ்விடத்தில் இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பைப் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் வீடு கட்டும் எவரும் ஆற்று மணலையும் எம்-சாண்டையும் யூனிட் கணக்கில் வாங்குவார்கள். ஒரு யூனிட் 100 கன அடி. ஆக, லண்டன் கப்பல் பதிவேட்டின் டன்னும் நம் தெருமுனையில் கொட்டப்படும் மணலின் யூனிட்டும் கன அளவில் ஒன்றே. கரிகாலன் காலத்துக் கடல் வணிகத்தோடு இதை முடிச்சுப் போடும் ஆசை ஆய்வாளருக்கு எழாமல் இல்லை, அடக்கிக்கொண்டார். இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை இன்னும் ஆழமானது. இரண்டிலும் சொன்ன அளவு உள்ளே இருக்கிறதா என்பதை இறக்கிக் கொட்டிய பிறகுதான் தெரிந்துகொள்ள முடியும்.

தானே குறையும் டன்னும் ஒன்று இருந்தது. 1833இல் பாஸ்டனின் ஃபிரடெரிக் டியூடர் கல்கத்தாவுக்கு முதன்முதலாகப் பனிக்கட்டி அனுப்பினார். ஏற்றும்போது 180 டன், நான்கு மாதம் கழித்து இறக்கும்போது சுமார் 100 டன். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நிற்கும் கட்டடம் இந்த வணிகத்துக்காக எழுந்த ஐஸ் ஹவுஸ்தான். சுமை கூலிகளின் மேல் இரக்கம் காட்டி வழியிலேயே இளைத்துக்கொடுத்த சரக்கு வரலாற்றில் வேறு இல்லை.

கப்பலில் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு நெடுநாள் வரம்பே இல்லை. அதிகச் சரக்கு, அதைவிட அதிகக் காப்பீடு. மூழ்கினால் முதலாளிக்கு லாபம், மாலுமிக்குக் கடல். சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. டெர்பி தொகுதி உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் 1873இல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதி, 1875இல் நாடாளுமன்றத்தில் கப்பல் முதலாளிகளை அயோக்கியர்கள் என்று கத்தி, 1876இல் சட்டம் வரவைத்தார். கப்பலின் பக்கவாட்டில் ஒரு கோடு போட வேண்டும்; அது தண்ணீருக்குள் மூழ்குமளவு சரக்கு ஏற்றக் கூடாது. கோட்டை எங்கே போடுவது என்பதை மட்டும் சட்டம் முதலாளியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. கார்டிஃப் நகரத்துக் கேப்டன் ஒருவர் அதைப் புகைபோக்கியின்மேல் தீட்டினார் என்று கதை உண்டு. 1890இல்தான் கோட்டின் இடத்தையும் சட்டமே நிர்ணயித்தது. பிளிம்சாலின் பெயர் பின்னாளில் ஒரு கேன்வாஸ் காலணிக்குப் போயிற்று. ரப்பர் அடிப்பாகத்தைச் சுற்றி ஓடும் கோட்டுக்கு மேல் தண்ணீர் ஏறினால் கால் நனையும்.

பறவை, யானை, ஒட்டகம்

மனத்தின் சுமையைச் சொல்ல ஆங்கிலேயர் பெரும்பாலும் ஏதாவதொரு விலங்கைக் கூட்டி வருவார்கள். இப்பகுதி நம் விதிக்கு அக்கினிப் பரீட்சை.

கழுத்தில் தொங்கும் ஆல்பட்ராஸ் என்பது நீங்காத பழிச்சுமை. 1798இல் வெளிவந்த கோல்ரிட்ஜின் கவிதையில் கிழட்டு மாலுமியின் கழுத்தில் அதைத் தொங்கவிடுகிறார்கள். யோசனை சொன்னவர் வேர்ட்ஸ்வொர்த். அவர் படித்திருந்தது ஜார்ஜ் ஷெல்வாக்கின் 1726ஆம் ஆண்டுக் கடற்பயண நூல். அதில் சைமன் ஹாட்லி என்ற அதிகாரி கேப் ஹார்ன் பக்கம் ஒரு கறுப்பு ஆல்பட்ராஸைச் சுட்டு வீழ்த்துகிறார். கவிதை ஆராய்ச்சியாளர்கள் பாவம், புண்ணியம், இயற்கை என்று நிறைய எழுதிவிட்டார்கள். எடையியல் நோக்கில் கேள்வி வேறு. பெரிய வகை ஆல்பட்ராஸ் சிறகை விரித்தால் மூன்று மீட்டரைத் தாண்டும். அதைக் கழுத்தில் கட்டினால் மாலுமி கதை சொல்ல மாட்டார். சிறகு தடுக்கி விழுவார். கறுப்பு வகை அளவிலும் எடையிலும் மிகச் சிறியது, சில கிலோ மட்டுமே. அதைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய் விருந்தாளியை நிறுத்திவைத்துப் பேசலாம். ஆறரை மாத்திரை. விதிப்படி இலகுவான பறவைதான் என்று வருகிறது. இதனால் ஆல்பட்ராஸ் கறுப்பு வகையே என்பது மாத்திரைக் கணக்கால் உறுதியாகிறது.

வெள்ளை யானையின் கதை வேறு. சயாம் மன்னர் பிடிக்காத பிரபுவுக்குப் புனித வெள்ளை யானையைப் பரிசளிப்பாராம். வேலை வாங்கவும் முடியாமல் தீனியும் நிறுத்த முடியாமல் பிரபு ஓட்டாண்டி ஆவாராம். ஒயிட் எலிஃபென்ட், ஏழு மாத்திரை, நாலு டன். விதி உடைந்தது என்று குதிக்க வேண்டாம். யானையை யாரும் தூக்குவதில்லை. தூக்கவேண்டியது தீனிச் செலவை. அது காகிதத்தில் இருக்கிறது. காகிதத்துக்கு ஏழு மாத்திரை சரியே. 1884இல் அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பார்னம் பர்மாவிலிருந்து நிஜமான வெள்ளை யானை ஒன்றை வரவழைத்தார். பார்க்க வந்த கூட்டம் சாம்பல் நிறத்தில் ஆங்காங்கே ரோஜாத் திட்டுகளைக் கண்டு முகம் சுளித்தது. போட்டி சர்க்கஸ்காரர் ஆடம் ஃபோர்பா இன்னொரு யானைக்கு வெள்ளை அடித்துக் கொண்டுவந்து காசு பார்த்தார்.

ஒட்டகம்தான் விதியை அரியணை ஏற்றுகிறது. கடைசி வைக்கோல் துரும்பு ஒட்டகத்தின் முதுகை ஒடித்தது என்பது ஆங்கிலேயர் வழக்கு. பதினேழாம் நூற்றாண்டில் அது துரும்பல்ல, இறகு. ஒட்டகமும் அல்ல, குதிரை. இறகை ஏன் துரும்பாக மாற்றினார்கள்? ஃபெதர், ஆய்தத்தை வாசலில் நிறுத்தினால் இரண்டரை மாத்திரை. ஸ்ட்ரா, மெய்களை நிறுத்தினால் இரண்டு. முதுகை ஒடிக்கும் அளவு கனம் வேண்டுமானால் இன்னும் குட்டையான சொல் தேவை. அரை மாத்திரையைக் குறைத்தார்கள், ஒட்டகம் படுத்துவிட்டது.

தலையும் சும்மாடும்

இனித் தூக்கியவர்கள். லண்டனின் சுமைதூக்கிகள் நெற்றியைச் சுற்றி வளையமாகப் போட்டுத் தோளில் படியும் மெத்தை ஒன்று வைத்திருந்தார்கள். போர்ட்டரின் முடிச்சு என்று அதற்குப் பெயர். நம் சும்மாட்டின் ஆங்கிலத் தம்பி. பில்லிங்ஸ்கேட் மீன் சந்தைக்காரர்கள் தோலும் ஆணியுமாகத் தட்டையாகச் செய்த தொப்பியில் மீன்பெட்டிகளை அடுக்கி நடந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தத் தொழிலாளிகள் விரும்பிக் குடித்த கறுப்பு பீருக்கு அவர்கள் பெயரே விழுந்து இன்றும் போர்ட்டர் என்றே விற்கிறது. உலகில் தூக்கினவர் பெயரில் நிற்பவை குறைவு. அந்தக் குறைவில் ஒன்று பீராக இருப்பதில் ஆய்வாளருக்கு ஆட்சேபணை இல்லை.

1861இல் பிக்காடிலி சாலையோரத்தில் தோள் உயரத்துக்கு ஒரு பலகையைக் கால் நட்டு நிறுத்தினார்கள். மூட்டையை இறக்காமலே அதில் சாய்த்து மூச்சு வாங்கலாம். நாடாளுமன்றத்தில் நெடுங்காலம் இருந்த ஆர். ஏ. ஸ்லேனியின் யோசனை அது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நமக்கு இது புதிதல்ல. தமிழ்நாட்டுச் சாலையோரச் சுமைதாங்கிக் கற்கள் இதே உயரம், இதே வேலை. ஆனால் அவை எந்த உறுப்பினரின் யோசனையும் அல்ல. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமைக்காக, அவள் வீட்டார் நட்டவை. பர்டன் என்ற சொல்லும் பிறப்பைக் குறிக்கும் பெர்த் என்ற சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை ஆங்கில அகராதிகள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும்.

பேரர் என்பவர் இந்தியாவில் முதலில் பல்லக்குத் தூக்கி. துரைகளின் பல்லக்கு மறைய மறைய அவர் வீட்டு வேலைக்காரரானார்; பிறகு கிளப்புகளிலும் ஓட்டல்களிலும் காப்பி கொண்டுவருபவரானார். துரையிலிருந்து தம்ளர் வரை சுமை இறங்கி வந்திருக்கிறது. பெயரில் மட்டும் ஒரு மாத்திரையும் குறையவில்லை.

கூலி என்ற சொல்லின் பயணம் இவ்வளவு இனிமையானதல்ல. ஆங்கிலத்தில் அது ஆளைக் குறிக்கும். குஜராத்தின் கோலி மக்கள் பெயரிலிருந்து வந்தது என்பார் உண்டு. தமிழ்க் கூலியிலிருந்து என்பாரும் உண்டு. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இரண்டையும் பேசுகிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தமிழில் கூலி என்றால் உழைத்தவன் கைக்கு வருவது. நாம் கொடுத்தது கூலி, அவர்கள் எடுத்துக்கொண்டது ஆள். 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளரை நேட்டாலுக்குக் கொண்டுபோய் இறக்கியபோது, பதிவேட்டில் அவர்களுக்கு இருந்த பொதுப்பெயர் அதுவே. தென்னாப்பிரிக்காவில் இன்று அது வசை.

தூக்காதவர் சுமை

விதியின் பிற்சேர்க்கையை இங்கே சொல்லிவிடலாம்: சுமையைப் பற்றி அதிகம் பேசுகிறவரின் முதுகைத் தடவிப் பார்க்க வேண்டும்.

1899இல் ருட்யார்ட் கிப்ளிங் வெள்ளைக்காரரின் சுமை என்று ஒரு கவிதை எழுதினார். அமெரிக்கா அப்போதுதான் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸ் தீவுகளை வாங்கியிருந்தது. மற்ற இனங்களை ஆண்டு நாகரிகப்படுத்துவது எவ்வளவு பெரிய பாரம் தெரியுமா, நீங்களும் தோள் கொடுங்கள் என்று அந்நாட்டை அழைக்கிறது கவிதை. எடையியல் இதில் சொல்ல அதிகம் இல்லை. அக்காலத்து ஓவியங்களையும் புகைப்படங்களையும் பார்த்தால் போதும்: நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர், நாற்காலியின் தண்டைத் தோளில் வைத்திருப்பவர் நால்வர். சுமை தன்மேல் இருப்பதாகச் சொன்னவர் உட்கார்ந்திருந்தவர். அதே ஆண்டிலேயே பிரிட்டிஷ் அரசியல்வாதி ஹென்றி லபூஷேர் பழுப்பு மனிதரின் சுமை என்று எதிர்க்கவிதை எழுதிக் கிப்ளிங்குக்குப் பதில் கொடுத்துவிட்டார்.

லத்தீன் வழி வந்த சுமைகள் எல்லாம் இப்படி முதுகை விட்டு நகர்ந்தவையே. ஆனஸ் என்றால் லத்தீனில் சுமை. ஆங்கில நீதிமன்றத்தில் அது மெய்ப்பிக்கும் பொறுப்பு. எக்ஸானரேட் என்றால் பாரம் இறக்குதல். குற்றத்திலிருந்து விடுவிப்பதற்கு அச்சொல். பாரமான என்ற பொருள் தரும் கிராவிஸ் என்ற லத்தீனிலிருந்து துக்கத்தைக் குறிக்கும் கிரீஃப் வந்தது. கேரிகேச்சர் என்னும் கேலிச்சித்திரம் இத்தாலியில் அளவுக்குமேல் பாரம் ஏற்றப்பட்ட படம். மூக்கில் இரண்டு கிலோ கூடுதலாக ஏற்றியிருப்பார்கள்.

இந்தக் கூட்டத்தில் நமக்கு மிக நெருக்கமானது சார்ஜ். வண்டியில் பாரம் ஏற்று என்பதே அதன் பழம்பொருள். கார், கார்கோ எல்லாம் அதே வீடு. தமிழர்கள் இதை எந்த மொழியாரையும்விட நன்றாக ஏற்றிக்கொண்டார்கள். ஆட்டோவில் சார்ஜ் கேட்கிறார்கள். அலுவலகத்தில் புது அதிகாரி சார்ஜ் எடுக்கிறார், பழையவர் கொடுக்கிறார், பரிமாற்றத்தில் பீரோ சாவி ஒன்று காணாமல் போகிறது. போலீஸ் லத்தி சார்ஜ் செய்துவிட்டு, அடிவாங்கியவர் மீதே சார்ஜ் ஷீட்டும் போடுகிறது. இவ்வளவுக்கும் நடுவில் போனில் சார்ஜ் இல்லை. சிக்னல் இருந்தும் பணம் தீர்ந்தால் ரீசார்ஜ் செய்கிறோம், அதாவது வண்டியில் மறுபடி ஏற்றுகிறோம். ஐந்து மாத்திரை.

மேலாய்வுக்குரிய களம்

கிப்ளிங் சுமையாகக் கண்ட பிலிப்பைன்ஸில் இன்று செல்போனுக்குப் பணம் போடுவதற்கு ரீசார்ஜ் என்று சொல்வதில்லை. தெருமுனைப் பெட்டிக்கடையில் போய் லோட் கேட்கிறார்கள். காசு கொடுத்தால் லோட் ஏறும், பேசப்பேச இறங்கும், தீர்ந்தால் மறுபடி லோட். இரண்டரை மாத்திரை. எடை–மாத்திரை விதியை நேரடியாகப் பொருத்தினால், மணிலாக்காரர் போனில் ஏற்றும் சுமை சென்னைக்காரர் ஏற்றுவதைப்போல் இரு மடங்கு கனம். இரண்டு போன்களையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்காமல் இதை முடிவாகச் சொல்ல இயலாது. மணிலா சென்றுவர நல்கை கோரும் விண்ணப்பத்தை ஆய்வாளர் தயாரித்துவிட்டார். எக்ஸஸ் பேக்கேஜ் கட்டணத்துக்கும் அதில் தனித் தலைப்பு உண்டு. மேற்கோள் நூல்களைக் கையோடு கொண்டுபோக வேண்டுமே. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள், 62.6 கிலோ. ஓர் அந்தருக்கும் மேல்.

முதற்கட்டமாக அவற்றை மாடியிலிருந்து இறக்க லோடுமேன் ஒருவரை அழைத்தாயிற்று. சாக்கை ஒரு தரம் அசைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன சார், கல்லா?" என்றார்.

"பத்துக்குக் கொஞ்சம் குறையும்" என்றேன்.

துண்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு தூக்கினார். படி இறங்கி வாசலுக்குப் போகும்வரை அதன்பின் அவர் பேசிய ஒரே சொல் "வழி". இரண்டு மாத்திரை.